பீடி என்று எழுதிய காகிதம்

இரண்டு மாதம் தஞ்சாவூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துவிட்டு சகாதேவன் திருவண்ணாமலைக்குத் திரும்பிய அன்று, ரிக்‌ஷாவிலிருந்து முதலில் இறங்கியவன் அவன்தான். அவன் மனைவி உண்ணாமலை பின்னால் நின்று மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் கல்லாங்காய் ஆடிக்கொண்டிருந்த மகள் கஸ்தூரி நிமிர்ந்து பார்த்தாள். ஆறு வயது. எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, மரியாதையாக, "வாங்க" என்றாள். பிறகு உள்ளே ஓடி, இத்தனை நாளும் தன்னை வைத்துப் பார்த்துக்கொண்ட சித்தி சரோஜாவிடம் சொன்னாள்:

"சின்னம்மா, யாரோ வந்துருக்காங்க. அம்மா கூட வந்துருக்காங்க."

அது சகாதேவன் காதில் விழுந்தது. உள்ளே போய், அறையின் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். அதற்குப் பிறகு கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மட்டும்தான் வெளியே வந்தான். அப்போதும் தலையிலிருந்து கழுத்துவரை துண்டைப் போர்த்திக்கொண்டுதான்.

சகாதேவன் வெல்டர். செங்கம் ரோட்டில் ஒரு பட்டறையில் கேட்டும் ஜன்னல் கம்பியும் பற்றவைத்துத் தொழில் பழகியவன். தஞ்சாவூர் ஜில்லாவில் வயலுக்கு நடுவே பூமியைத் துளைத்துக் கேஸ் எடுக்கிறார்கள், அங்கே குழாய் ஒட்ட ஆள் வேண்டும் என்று ஒரு காண்ட்ராக்டர் கூப்பிட்டபோது, எண்பத்தைந்தாம் வருஷம் தைமாதம் புறப்பட்டுப் போனான். மறு வருஷம் சித்திரையில் தந்தி வந்தது. கேஸ் பற்றிக்கொண்டது என்பது மட்டும்தான் உண்ணாமலைக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் கேட்டபோதெல்லாம் அவன் கண்ணை மூடிக்கொண்டான். இடது பக்கம் முகம், கழுத்து, முதுகு, இரண்டு கை. உயிர் தங்கியதே அண்ணாமலையார் புண்ணியம் என்று அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

ஊர் ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றுகிற நர்ஸ் ஜோதியம்மாள் ஐம்பது வயதுக்காரி. ஊசி போடும்போதுகூடத் திட்டிக்கொண்டேதான் போடுவாள். சகாதேவன் கையைத் திருப்பிப் பார்த்தவள் உண்ணாமலையைத் தனியாக அழைத்தாள்.

"புண்ணு ஆறிடும்மா. அது பிரச்சன இல்ல. தோலு காய காய உள்ளுக்கு இழுக்கும். இப்பவே பாரு, விரலு மடங்கிகினு வருது. அது இழுக்கறதவிட ஜாஸ்தியா நாம எதிர்ப்பக்கம் இழுக்கணும். தெனம் நாலு தடவ. கத்துவாரு. கத்தட்டும். நீ பாவம் பாத்தியானா கை மூடினது மூடினதுதான்."

உண்ணாமலை பாவம் பார்க்கவில்லை. தேங்காயெண்ணெய் தடவி ஒவ்வொரு விரலாக நிமிர்த்துவாள். பலகையில் உள்ளங்கையை விரித்து வைத்துத் துணியால் கட்டுவாள். அவன் கத்துவான், சில சமயம் அவளைத் தள்ளிவிடுவான். "உட்டுடு உண்ணாமல. இந்தக் கைய வெச்சி இன்னா பண்ணப்போறேன்" என்பான். காலையில் அவள் ஆசிரமத்துப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற வீட்டில் அறைகளைப் பெருக்கித் துடைக்கப் போய்விட்டு மத்தியானம் திரும்பும்போது, கட்டிவைத்த துணியைப் பல்லாலேயே அவிழ்த்துப் போட்டிருப்பான். விரல்கள் நாளுக்கு நாள் மடங்கிக்கொண்டே வந்தன.

ஆனி மாதக் கடைசியில் ஒரு தபால் வந்தது. விபத்தைப் பற்றி விசாரிக்கப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வருகிறார், ஆவணி பத்தாம் தேதி காலை திருவண்ணாமலைப் பயணியர் மாளிகையில் சகாதேவன் வாக்குமூலம் தர வேண்டும் என்று கண்டிருந்தது. அது வந்து நாலே நாளில், ஒரு பை ஆப்பிளோடு சூப்பர்வைசர் கோதண்டராமன் வந்து நின்றார்.

காண்ட்ராக்டரிடம் வேலை பார்ப்பவர். சகாதேவனுக்கு மேலே இருந்தவர். அவனைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு நிமிஷம் வெளுத்தது. பிறகு சமாளித்துக்கொண்டு பேசினார்.

"அதிகாரி வராருன்னு பயப்படாத. இந்த ஒடம்போட நீ அலைய வேணாம்னுதான் நானே பேப்பர் ரெடி பண்ணி எடுத்தாந்துட்டேன். விபத்து நடந்துச்சு, உண்மைதான்னு ஒரு நாலு வரி. கையெழுத்து முடியலன்னா கைநாட்டு போதும்."

சகாதேவன் எதற்கும் வாதாடுகிற மனநிலையில் இல்லை. வலது கையை நீட்டினான். கோதண்டராமன் மைப்பெட்டியைத் திறந்து, அந்தக் கட்டைவிரலைப் பிடித்து மையில் தோய்த்துக் காகிதத்தில் அழுத்தினார். எடுத்துப் பார்த்தால், நசுங்கின நாவற்பழம்போல் ஒரு கறுப்புத் திட்டு. கோடே இல்லை. துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதே திட்டு.

"ரேகை விழலியே" என்றார் கோதண்டராமன், ஏதோ மைப்பெட்டியின் குற்றம்போல.

சகாதேவன் தன் கட்டைவிரலைத் தானே திருப்பிப் பார்த்துக்கொண்டான். அது வழவழவென்று மின்னியது. அதுவரை அவனும் அதைக் கவனித்திருக்கவில்லை.

அந்த நேரத்தில் உண்ணாமலை காகிதத்தைக் கையில் எடுத்துவிட்டாள். எட்டாவது வரை படித்தவள். நிதானமாகத்தான் படிப்பாள், ஆனால் ஒரு எழுத்து விடமாட்டாள். மூன்றாவது வரியில் நின்றாள்.

"'வேலை நேரத்தில் நான் தடையை மீறி பீடி பற்ற வைத்ததால்'... இன்னா சார் இது? இவரு பீடி குடிக்கமாட்டாரே."

"ஒரு காரணம்னு எழுதணும்ல தங்கச்சி. எல்லாரும் அப்படித்தான் எழுதிக் குடுத்துருக்காங்க. கூட வேல செஞ்ச அர்ஜுனனே கையெழுத்துப் போட்டுட்டான். நீங்க ஒத்துகினா காண்ட்ராக்டர் ஏதாவது பாத்து செய்வாரு."

"அர்ஜுனனா?" என்றான் சகாதேவன். அவ்வளவுதான் கேட்டான்.

கோதண்டராமன் காகிதத்துக்குக் கை நீட்டினார். உண்ணாமலை அதை நாலாய் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இது எங்ககிட்டயே இருக்கட்டும் சார். படிச்சிப் பாத்துட்டு சொல்றோம். ஆப்பிள எடுத்துகினு போங்க."

அவர் போன பிறகு உண்ணாமலைக்குள் ஒரு சின்னச் சந்தேகம் முள்ளாய்க் குத்தியது. தனியாக இருக்கிற ஆம்பளைகள் எதையாவது பழகிக்கொள்வதுதானே? கேட்காமல் இருந்தால் அது சீழ் கட்டும் என்று கேட்டேவிட்டாள்.

"அங்க போயி பீடி பழகிகினீங்களா?"

சகாதேவன் அவளைப் பார்த்தான். பிறகு, வீடு திரும்பி முதல் தடவையாகச் சிரித்தான். இழுத்துப் பிடித்த கன்னத்தில் சிரிப்பு ஒரு பக்கம்தான் வந்தது.

"பீடி நாத்தம் எனக்கு ஆகுமாடி? அர்ஜுனன்தான் குடிப்பான். அதுவும் கேட்டுக்கு வெளிய போயி. உள்ள வரும்போது பீடிக்கட்ட வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டுதான் வரணும்." அப்புறம், கேட்காமலே, எல்லாவற்றையும் சொன்னான்.

"காலைல எட்டரை மணி இருக்கும். குழாயில ஒரு ஒட்டு உட்டுப்போச்சு. வால்வு இருக்கற பள்ளத்துல அர்ஜுனன் எறங்கி குழாயப் புடிச்சிகினு நிக்கிறான். நான் மேல குந்திகினு இருக்கேன். பெட்ரோல் மாதிரி வாசன வந்துச்சு. 'சார், கேஸ் இருக்கு, கேஸ் காட்டற மீட்டர் வெச்சிப் பாத்துடலாம்'னு சொன்னேன். மீட்டரு ரிப்பேருக்குப் போயிருக்கு, பத்து மணிக்குள்ள முடிக்கணும், ஒட்டுன்னாரு கோதண்டராமன். ஒட்டினேன். ராடு பட்டுச்சு. சத்தம்கூட இல்ல உண்ணாமல. பெரிய போர்வைய ஒதறினா ஒரு காத்து வருமே, அந்த மாதிரி. காத்தே பத்திகிச்சு. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள அணைஞ்சும் போச்சு. அது அணைஞ்சிது, என் சட்ட அணையல. உருகி ஒடம்போட ஒட்டிகிச்சு."

தீபாவளிக்கு அவள் தேடித் தேடி எடுத்துக் கொடுத்த டெர்லின் சட்டை அது. அவன் அதைச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும்.

"பள்ளத்துல அடியில மட்டும் எரிஞ்சிகினே இருந்துச்சு. அர்ஜுனன் உள்ள. கத்தறான். குனிஞ்சி ரெண்டு கையயும் குடுத்து இழுத்துப் போட்டேன். கை அங்கதான் போச்சு."

"இத ஏங்க யாருகிட்டயும் சொல்லல?"

"கேக்க வேண்டியவங்க யாரு கேட்டாங்க?"

உண்ணாமலை எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாள். அவள் கேட்காமலே அன்று அவன் கையை நீட்டினான்.

"இழு" என்றான். "அதிகாரி முன்னால நானே கையெழுத்துப் போடணும். கைநாட்டு வெச்சா எவன் எழுதினதுக்கோ வெச்ச மாதிரி ஆயிடும்."

ஆவணி பத்துக்கு ஆறு வாரம் இருந்தது. நாலு தடவை ஆறு தடவையாயிற்று. பேனா விரலில் நிற்கவில்லை. பென்சிலும் நழுவியது. கஸ்தூரிதான் ஒரு நாள், அந்த அறைப் பக்கமே போகாமல் இருந்தவள், கதவோரம் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுத் தன் சிலேட்டையும் பலப்பத்தையும் கொண்டுவந்து கீழே வைத்தாள். உண்ணாமலை பலப்பத்தில் துணியைச் சுற்றித் தடிமனாக்கிக் கொடுத்தாள். சகாதேவன் போட்ட முதல் கோடு சிலேட்டைத் தாண்டித் தரைக்குப் போயிற்று. பலப்பம் உடைந்தது.

"அமுக்கக் கூடாது. டீச்சர் அடிப்பாங்க" என்றாள் கஸ்தூரி.

"சரிங்க டீச்சர்" என்றான் அவன்.

அவள் அந்தக் குரலைக் கேட்டு அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. குரல் மட்டும் கெட்டுப்போகவில்லை என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து, அவன் மணிக்கட்டைத் தன் சின்னக் கையால் பிடித்துக்கொண்டாள். "மொதல்ல 'ச' போடுப்பா" என்றாள். உண்ணாமலை அடுப்பங்கரைக்குப் போய்க் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வந்தாள்.

அந்த வாரமே உண்ணாமலை அர்ஜுனனுக்கு ஒரு கார்டு எழுதினாள். தஞ்சாவூர்ப் பக்கம் அவர்கள் தங்கி வேலை செய்த முகாமில் இரண்டு பேரையும் எல்லாரும் பாண்டவர் என்றுதான் கேலி செய்வார்கள். அர்ஜுனன் ஒரு தடவை இங்கே வந்து நாலு நாள் தங்கி, அவள் கையால் சாப்பிட்டுப் போனவன். அதனால் நீட்டி முழக்கவில்லை. "தம்பி, இவர் பீடி பற்ற வைத்ததை நீங்கள் பார்த்தீர்களா? உண்டு, இல்லை என்று ஒரே வார்த்தை எழுதுங்கள். ஆவணி பத்தாம் தேதி விசாரணை" என்று எழுதிப் பெட்டியில் போட்டாள். பதில் வரவில்லை.

விசாரணை அன்று சகாதேவன் வழக்கம்போல் துண்டைப் போர்த்திக்கொண்டு ரிக்‌ஷாவில் வந்தான். மாளிகையின் கூடத்தில் அதிகாரியும், தட்டச்சு மெஷினோடு ஒரு குமாஸ்தாவும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரில் கோதண்டராமன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "துண்ட எடுங்க. நான் பாக்கணும்" என்றார். சகாதேவன் எடுத்தான். அவர் பார்வையைத் திருப்பவில்லை. எந்த இடத்தில் சட்டை ஒட்டியது, எங்கே நின்றிருந்தான், கை எப்படிப் போயிற்று என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவன் உண்ணாமலையிடம் சொன்னதையே சொன்னான். உண்ணாமலை இடுப்பிலிருந்து காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதிகாரி படித்துவிட்டு, அந்த இரண்டு கறுப்புத் திட்டையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

கோதண்டராமன் எழுந்தார். "கூட இருந்த ஆளு எழுதிக் குடுத்துருக்கான் சார். பீடி பத்த வெச்சத கண்ணால பாத்தேன்னு."

"அந்த ஆள் எங்க?"

"வரல சார்."

சகாதேவனுக்கு நா வறண்டிருந்தது. தண்ணீர் கொண்டுவர உண்ணாமலை வெளியே வந்தாள். காம்பவுண்டுக்குள் ஒரு புளியமரம். அதன் அடியில், கையில் ஒரு மஞ்சள் பையோடு அர்ஜுனன் நின்றுகொண்டிருந்தான். தன் ஊரான விழுப்புரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறான். ஒன்பது மணியிலிருந்து அங்கேயே நிற்கிறான்.

"அண்ணி, கார்டு வந்துச்சு. பதில் எழுத குந்தினேன். வரல." அவன் பையைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டான். "பர்மனென்ட் பண்றேன்னாங்க. இல்லன்னா வெளிய போன்னாங்க. நாலு புள்ளைங்க அண்ணி."

அவளுக்கு வாயில் என்னென்னவோ வந்தது. உன்னை இழுத்துப் போட்ட கை என்று தொடங்கி ஒரு பாட்டம் கேட்டிருக்கலாம். அவன் அதற்குத் தயாராகத்தான் தலையைக் குனிந்து நின்றான்.

"உள்ள போயி உங்கண்ணனப் பாருங்க தம்பி" என்றாள். "பாத்துட்டு இன்னா சொல்லத் தோணுதோ அதச் சொல்லுங்க. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்."

அவன் போனான். நிலைப்படியிலேயே நின்றுவிட்டான். விபத்துக்குப் பிறகு அவன் சகாதேவனைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சகாதேவன் திரும்பிப் பார்த்து, ஒன்றுமே நடக்காததுபோல, "கால் ஆறிடுச்சாடா?" என்று கேட்டான்.

அர்ஜுனன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அழுகை அடங்க நேரமாயிற்று. அதிகாரி அவசரப்படுத்தவில்லை.

"பீடி குடிக்கிறவன் நான் சார், அவரு இல்ல" என்றான் கடைசியில். "அன்னிக்கி என் பீடிக்கட்டு கேட்டுல வாட்ச்மேன்கிட்ட இருந்துச்சு. நீங்க கேட்டுப் பாருங்க. வாசன வருதுன்னு அண்ணன் ரெண்டு தடவ சொன்னாரு. என் காதால கேட்டேன். மீட்டர் இல்லாமதான் வேல நடந்துச்சு. நான் எழுதிக் குடுத்தது பொய்."

குமாஸ்தாவின் மெஷின் வெகுநேரம் தட்டியது. கடைசியில் தாளை உருவி, சத்தமாகப் படித்துக் காட்டி, சகாதேவன் முன் வைத்தார்கள். அவன் துணி சுற்றிய பேனாவைப் பிடித்தான். ஐந்து எழுத்துக்கு அரை நிமிஷத்துக்கு மேலாயிற்று. கடைசி 'ன்' புள்ளியை வைத்துவிட்டு அவன் மூச்சு விட்டபோதுதான் உண்ணாமலையும் விட்டாள்.

வெளியே வரும்போது கோதண்டராமன் படியில் நின்றுகொண்டிருந்தார். தளர்ந்துபோயிருந்தார்.

"எனக்கு மேலயும் ஆளு இருக்காங்கப்பா. பத்து மணிக்குள்ள முடின்னு எனக்கும் ஒருத்தன் சொன்னான். நானா விரும்பி சொன்னேன்?"

சகாதேவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"அதையும் உள்ள போயி சொல்லுங்க சார்" என்றான்.

அவர் நின்றார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் திரும்பி, மெதுவாக, கூடத்துக்குள் போனார்.

ரிக்‌ஷாக்காரன் காத்திருந்தான். "வேணாம், நடந்தே போலாம்" என்றான் சகாதேவன். துண்டு தோளில் கிடந்தது. பெரிய தெருவில் பார்த்தவர்கள் பார்த்தார்கள். பூக்காரி ஒருத்தி, "ஐயோ, இன்னா சாமி ஆச்சு?" என்று வாய்விட்டே கேட்டாள். "கேஸ் பத்திகிச்சு அக்கா" என்று நின்று பதில் சொன்னான். அர்ஜுனன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தான். அன்று மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். கஸ்தூரி அர்ஜுனனிடம், அப்பாவுக்குத் தான்தான் எழுதக் கற்றுக்கொடுத்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

விசாரணை அறிக்கை வர மாசி ஆயிற்று. கேஸ் இருக்கிறதா என்று சோதிக்காமல் வேலை வாங்கியதுதான் காரணம் என்று அதில் இருந்தது. பீடி என்ற பேச்சே இல்லை. இனி அந்த மாதிரி இடங்களில் எல்லாருக்கும் பருத்திச் சட்டை கொடுக்க வேண்டும், மீட்டர் இல்லாமல் வெல்டிங் கூடாது என்றும் எழுதியிருந்தது. சட்டப்படி வர வேண்டிய நஷ்டஈடும் தாமதமாக வந்து, வேலூரில் கைக்கு ஆப்பரேஷன் நடந்தது. மூன்று விரல் நன்றாக நிமிர்ந்தது. சுண்டுவிரல் மடங்கினது மடங்கினதுதான். "இதுக்கு இது ஜாஸ்தி" என்றாள் ஜோதியம்மாள், பார்த்துவிட்டு. அவள் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டை ஆஸ்பத்திரியில் யாரும் கேட்டதில்லை. அர்ஜுனனுக்குக் காண்ட்ராக்டரிடம் வேலை போயிற்று. செங்கம் ரோட்டுப் பட்டறையில் சகாதேவன் சொல்லிச் சேர்த்துவிட்டான். அர்ஜுனன் தன் குடும்பத்தையும் இங்கேயே கூட்டிவந்துவிட்டான்.

எண்பத்தெட்டாம் வருஷம் வைகாசியில் மறுபடி ஒரு தபால் வந்தது. அதே இடம், வேறு காண்ட்ராக்டர். வேலை தொடங்குமுன் மீட்டர் வைத்துப் பார்த்து, சரி அல்லது கூடாது என்று சொல்ல ஒரு ஆள் வேண்டுமாம். வெல்டிங் தெரிந்தவனாக இருக்க வேண்டுமாம். அந்த விசாரணை அதிகாரி இவன் பேரைச் சொல்லியிருக்கிறார்.

உண்ணாமலை மூன்று நாள் அவனோடு சரியாகப் பேசவில்லை. துவைத்தாள், பெருக்கினாள், பாத்திரத்தை டமார் டமாரென்று வைத்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் அவனே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"வேணாம்னா சொல்லு, போவல."

"பயமா இல்லியா உங்களுக்கு?"

"இல்லாம? அடுப்பு பத்த வெச்சாலே தள்ளி நிக்கிறேன், நீ பாக்கல? ஆனா அங்க எவனாவது ஒருத்தன் வாசன வருதுன்னு சொல்லுவான் உண்ணாமல. அன்னிக்கி நான் சொன்ன மாதிரி. அவன் சொல்றத காதுல வாங்கிக்க ஆளு வேணும்ல?"

உண்ணாமலை மடியிலிருந்த முருங்கைக்கீரையை ஆய்ந்து முடிக்கும்வரை யோசித்தாள். பிறகு கீரைத் தட்டை நகர்த்திவிட்டு, "வாரத்துக்கு ஒரு கார்டு வரணும். ஒரு வாரம் தவறினா நானே கெளம்பி வந்துடுவேன்" என்றாள்.

முதல் கார்டு எட்டாம் நாள் வந்தது. கஸ்தூரி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வாசலிலேயே நின்று எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"நலம். சாப்பாடு பரவாயில்லை. இன்று காலை மீட்டரில் முள் ஏறியது. வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். இரண்டு மணி நேரம் பதினாறு பேரும் வரப்பில் உட்கார்ந்து டீ குடித்தோம். காற்று வந்து கலைந்த பிறகு ஆரம்பித்தோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை."

"அவ்ளோதானாம்மா?" என்றாள் கஸ்தூரி, கார்டைத் திருப்பிப் பார்த்து.

"அவ்ளோதான்" என்றாள் உண்ணாமலை. அதை அவளிடமிருந்து வாங்கி, தானும் ஒரு தடவை, ஒரு எழுத்து விடாமல் படித்தாள்.